ஏழாம் நம்பர் பொறி

பையன் பேரா? ஆரோன். ஆனால் எங்கள் ஊரில் வந்து ஆரோன் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது அக்கா. ஏழாம் நம்பர் வீடு எது என்று கேளுங்கள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூடவே வந்து காட்டுவார்கள். எட்டு மாதக் குழந்தைக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். வைத்தது ஊர்ப் பிள்ளைகள் இல்லை. அரசாங்கம்.

சிரியுங்கள். எல்லாரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

போனில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கான் என்று மட்டும் சொன்னீர்கள். எத்தனை கிலோ என்று கேட்கவில்லை, அப்பா ஜாடையா அம்மா ஜாடையா என்று கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. நீங்களும் இந்த பஸ்ஸில் திண்டுக்கல் வரைக்கும்தானே? நான் படித்ததெல்லாம் திண்டுக்கல்தான். அப்பா ரயில்வே. ஊர் ஊராக மாற்றுவார்கள் என்று என்னைக் கான்வென்ட் ஹாஸ்டலில் விட்டுவிட்டார். ப்ளஸ் டூ வரைக்கும் சிஸ்டர்களிடம் வளர்ந்த பிள்ளை நான். செலின் என்று பேர். கட்டிக்கொடுத்தது ஆயக்குடியைத் தாண்டி மலையடிவாரத்தில், ஒரு கொய்யாத் தோட்டத்து நடுவில். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் கொய்யா. ஜன்னலைத் திறந்தால் கிளை உள்ளே வந்து நலம் விசாரிக்கும்.

கொய்யா நல்ல பழம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று ஒரு ஈ இருக்கிறது அக்கா. நம் வீட்டு ஈ இல்லை. கண்ணாடி இறக்கை, உடம்பில் மஞ்சள் பட்டை, பார்த்தால் குட்டிக் குளவி மாதிரி இருக்கும். பழ ஈ என்பார்கள். அதில் பெண் ஈக்கு வால் நுனியில் ஊசி. பழுக்கப் போகிற காயாகத் தேடி உட்கார்ந்து, ஊசியைச் செருகி, உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே அத்தனையும் புழு.

இதை எனக்குக் காட்டியது என் வீட்டுக்காரர் சவரிமுத்து. ஆரோன் அப்போது ஆறு மாதம் வயிற்றில். ஊருக்குப் புதிதாக வந்தவளுக்குக் கோபுரத்தைக் காட்டுவார்கள், குளத்தைக் காட்டுவார்கள். இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "அந்தா பாரு, முட்ட வைக்குது பாரு" என்று காட்டினார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

பிறகு இவன் பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். மற்ற அம்மாக்கள் அந்த நேரத்தில் என்ன நினைப்பார்களோ தெரியாது. எனக்கு, பழுக்கப் போகிற கொய்யாவை அழுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்த பயம். அந்த ஈ என் பிள்ளையைக் காய் என்று நினைத்துவிடக் கூடாது. வேறெதற்கும் நான் பயந்தவள் இல்லை. பாம்பு வந்திருக்கிறது, கம்பெடுத்து ஓட்டியிருக்கிறேன்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாங்க தலமுற தலமுறையா கொய்யாவுக்குள்ளயே கெடக்கோம். எங்க வீட்ல யாருக்காச்சும் புழு வச்சிருக்கா?" என்று கேட்டார். அவருடைய சித்தப்பாவைப் பற்றி ஒரு பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குடும்பம் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஆரோனுக்குச் சளி பிடித்தது. எனக்கு அதில் பயமே இல்லை. ஏனென்றால் எங்கள் ஹாஸ்டலில் சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருவர் இருந்தார். சளி, இருமல், தலைவலி, எதற்கும் துளசிதான். கசக்கிச் சாறெடுத்து நெஞ்சில் தேய்ப்பார். கணக்கில் பெயிலானவளுக்கும் தேய்ப்பார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பூச்சி பொட்டு கிட்டே வராது என்றும் சொல்வார். அந்த நம்பிக்கையில் பிரசவத்துக்கு முன்னாலேயே நான் எண்ணெய் டின்களில் வரிசையாகத் துளசி வளர்த்து வைத்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளத்தாய் அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "வேதக்காரவுக வீட்ல இம்புட்டுத் தொளசியா? நாங்களே ஒண்ணுதான் வச்சிருக்கோம்" என்று கேட்டார். நான் காரணத்தை விளக்கினேன். அவர் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

காலையும் மாலையும் துளசிச் சாறு. நெஞ்சில், முதுகில், உச்சியில். வீடே மணக்கும். சளி குறைந்துகொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூச்சி மேடம் வந்தார். தோட்டக்கலைத் துறையில் வேலை. தமயந்தி என்று பேர், ஆனால் ஊரில் பூச்சி மேடம்தான். கொய்யாக்காரர்களை எல்லாம் எங்கள் களத்தில் கூட்டி வைத்து, மஞ்சள் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். பொறியாம். உள்ளே ஒரு சின்ன மரக்கட்டை. அதில் ஏதோ ஒரு வாசனையை ஊற வைத்திருக்கிறார்களாம், தொழிற்சாலையில் செய்த வாசனை. அதற்கு ஆண் ஈக்கள் மட்டும் எங்கிருந்தாலும் வந்து விழுமாம். ஈயை ஒழிப்பதற்கு இல்லையாம் இது. தோட்டத்தில் எவ்வளவு ஈ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. வாரா வாரம் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஏறினால் பழுக்க விடாமல் பறித்துவிடலாம், உதிர்ந்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். பேச்சு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார் பாருங்கள். இனக்கவர்ச்சிப் பொறி என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அத்தனை பேர் நடுவில் அதை வாய்விட்டுப் படிக்கிறார். எங்கள் ஹாஸ்டலில் அந்த வார்த்தையை ஒருத்தி எழுதியிருந்தால் அப்பாவுக்குத் தந்தி போயிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் ஆறு பொறி. ஆறாவதை எங்கே கட்டினார்கள்? ஆரோனுடைய தூளி தொங்குகிற அறைக்கு வெளியே, ஜன்னலோர மரத்தில். அந்த மரம்தான் முதலில் பழுக்குமாம்.

ஒரு வாரம் போகவில்லை. மத்தியானம், தூங்குகிறவனைப் பார்க்கத் தூளியை விலக்கினேன். நெஞ்சில் மூன்று ஈ. கண்ணாடி இறக்கை, மஞ்சள் பட்டை. பறக்கவில்லை, நகரவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கின்றன. நான் போட்ட சத்தத்தில் அவர் பாம்பென்று நினைத்து மண்வெட்டியோடு வந்தார்.

நான் கேட்டது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் அக்கா. பத்திரிகை அடித்து, வாசலில் பந்தல் போட்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டால், வந்தவன் வீட்டுக்குள்ளேயும் ஒரு எட்டுப் பார்க்க மாட்டானா? அந்த டப்பாதான் கூப்பிடுகிறது, எடுங்கள் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் ஆறாவதைக் கழற்றி வேலியோரம் கொண்டுபோய்க் கட்டினார். நானும் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. பூச்சிக்குத் துளசி ஆகாது இல்லையா, அதனால் குளிக்கிற தண்ணீரிலும் துளசி போட்டேன். தூளிக் கயிற்றில் கொத்துக் கொத்தாகக் கட்டினேன்.

மறுநாள் ஈ கூடிவிட்டது.

ஐந்தாவது பொறியையும் கழற்ற வைத்தேன். தலையணைக்குள் துளசி வைத்துத் தைத்தேன். இன்னும் கூடிவிட்டது. எவ்வளவு வன்மம் பாருங்கள். டப்பாவைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்க அதுகள் வீட்டுக்குள் வருகின்றன. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பொறி இருந்தவரைக்கும் அதுல போய் விழுந்துச்சு, இப்ப எங்க போகும்?" என்று கேட்டார். ஈக்குப் பரிந்து பேசுகிறவரிடம் என்ன பேசுவது?

கடைசியில் அவர் கொய்யா கொண்டுபோய்ச் சந்தையில் நின்ற நேரமாகப் பார்த்து, மீதி இருந்த எல்லாப் பொறியையும் நானே கழற்றினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கழற்றினேன். காலி உர டிரம்மில் போட்டு மூடியைத் திருகி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். தோட்டத்தில் ஒரு பொறி கிடையாது. இனிமேல் எது கூப்பிடும், பார்த்துவிடலாம்.

மறுநாள் தூளித் துணியின் நிறம் தெரியவில்லை அக்கா.

கொசுவலைக்குள் அவனோடு உட்கார்ந்துவிட்டேன். சோறும் உள்ளேதான். வெளியே வலை முழுக்க ஈ. வெள்ளத்தாய் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி செலினு, ஒம் மகனப் பாக்க மந்திரி வந்த மாதிரி கூட்டம்" என்றார். அழுகையும் வந்தது, அவரைக் கிள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்குப் பார்த்து மேடம் கணக்கெடுக்க வந்தார். மரம் மரமாகப் போய்ப் பார்க்கிறார், ஒன்றையும் காணோம். என் வீட்டுக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், பொய் சொல்லவும் வராமல், காற்று அதிகம் மேடம் என்று ஏதோ முனகினார். அப்போது மேடம் கண்ணில் ஜன்னல் பட்டது. உள்ளே வந்தார். வலையைப் பார்த்தார்.

ஒரு பெண்பிள்ளை அதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? ஐயையோ என்று பதற வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்து, எண்ண ஆரம்பித்தார். என்ன மேடம் செய்கிறீர்கள் என்று கேட்டால், உதட்டில் விரலை வைத்து, பேசாதீங்க பறந்துரும் என்று ஜாடை காட்டுகிறார்.

எண்ணி முடித்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன தடவுறீங்க?" என்றார். துளசி என்றேன். அப்படியே பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கட்டையில் ஊற வைத்திருக்கிற வாசனையும் துளசியில் இருக்கிற ஒரு வாசனையும் ஒன்றேதானாம். "ஆறு பொறி பாக்குற வேலைய ஒங்க பையன் ஒத்த ஆளா பாத்திருக்கான்" என்று அவன் காலைத் தொட்டுக் கொஞ்சுகிறார். உடனே என் வீட்டுக்காரரிடம் திரும்பி, இவ்வளவு ஈ கூடியிருந்தால் இனி ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது, எல்லாருக்கும் சொல்லி நாளைக்கே பறிக்கச் சொல்லுங்கள் என்றார். ஊரே பறித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பழுக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் கூடை கூடையாகப் புழுவைக் கொட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு பழம் வீணாகவில்லை.

நல்லதுதான். ஊருக்கு நல்லது. ஆனால் அடுத்த கூட்டத்தில் மேடம் கரும்பலகையில் எங்கள் தோட்டத்துக்கு எழுதுகிறார்: ஒன்று முதல் ஆறு வரை எதிரில் கோடு. ஏழு என்று ஒன்று புதிதாகப் போட்டு, எதிரில் எண்ணிக்கை. ஏழாவது பொறி எங்கேப்பா கட்டினீங்க என்று யாரோ கேட்க, என் வீட்டுக்காரர் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "என் மகன்தான்" என்றார். அவ்வளவுதான். அன்றோடு ஞானஸ்நானப் பேர் போச்சு.

துளசி விஷயத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. துளசி ஈயைக் கூப்பிடும் என்றால் கோயில் முழுக்க ஈ மொய்க்க வேண்டாமா என்று கேட்டேன். கோயில் என்ன கொய்யாத் தோட்டத்துக்குள்ளயா இருக்கு என்றார் மேடம். பேச்சில் ஜெயிக்கலாம் அக்கா. நாற்பது பிள்ளைகளை வளர்த்த சிஸ்டர் பெர்னதெத்துக்குத் தெரியாதது இவருக்குத் தெரியுமா? அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அதை அவர் வலையில் ஈ எண்ணின அன்றைக்கே நேராகக் கேட்டேன்.

"எல்லாமே ஆண் ஈங்க" என்றார் மேடம். "ஆண் ஈக்கு ஊசியே கெடையாது. முட்ட வைக்கவே வைக்காது. நீங்க பயப்படவே வேண்டாம்."

"ஆம்பளைங்க எல்லாம் ஒரு எடத்துல கூடிட்டா, பொம்பளைங்க தேடிக்கிட்டு வர மாட்டாங்களா மேடம்?"

பின்னாலிருந்து வெள்ளத்தாய் அக்கா, "அதெப்படி வராம? நேத்து டீக்கடைல போயி எங்காள இழுத்துட்டு வந்தது யாரு?" என்றார். அந்த ஒரு நாள்தான் அவர் என் பக்கம் பேசினார்.

"அப்படியே வந்தாலும் மனுசத் தோல்ல முட்ட வைக்காதுங்க."

"யார் கையிலயாவது வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல, ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு அவர் நிறையச் சொன்னார். என் காதில் ஏறவில்லை.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் துளசி டின் எல்லாவற்றையும் தூக்கி வெள்ளத்தாய் அக்கா வீட்டில் வைத்துவிட்டார். ஈ வருவது நின்றுவிட்டது. துளசியை எடுத்ததால் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கொசுவலை இருந்தது, மழையும் விட்டது, அதை எல்லாம் சேர்க்க மாட்டார். சரி, அவர் சந்தோஷம் அவருக்கு.

போன வாரம் பிள்ளைக்கு மறுபடி சளி. நெஞ்சு கறுமுறு என்கிறது. டாக்டர் சிரப் எழுதினார். குடித்தான், துப்பினான். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், அதைத் தொட விடமாட்டேன் என்கிறார்கள். தொட்டு, ஒருவேளை ஈ வந்து, அதில் ஒன்று ஊசிக்காரியாக இருந்துவிட்டால்? தொடாமல் இருந்து, சளி நெஞ்சில் கட்டிவிட்டால்? இரண்டு பக்கமும் பயம் அக்கா. யாரும் கையில் வைத்துப் பார்க்கவில்லை என்றால் யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தானாக முளைத்த ஒரு துளசி அவர் கண்ணில் படாமல் நின்றது. பிள்ளையை வெள்ளத்தாய் அக்காவிடம் கொடுத்தேன். கொய்யாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் துளசி. இடது கையில் ஒன்றுமில்லை, ஜெபமாலை மட்டும். சயின்ஸ் சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், ஒன்றில் போட்டால் ஒன்றைச் சும்மா விட வேண்டும்.

முதல் ஈ வந்து உட்கார்ந்ததும் எழுந்து ஓடலாம் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே. ஒரு சுற்று முடித்துக் கண்ணைத் திறந்தால், வலது கையில் வளைகாப்பு வளையல் அடுக்கின மாதிரி ஈ. கூசுகிறது. குத்தவில்லை. நக்கிக்கொண்டிருந்தன அக்கா, தட்டில் ஒட்டின பாயசத்தைப் பிள்ளைகள் நக்குகிற மாதிரி, அவ்வளவு அக்கறையாக. இடது கையில் ஒன்றுகூட இல்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வலது கை வேலை செய்கிற கை, ரத்த ஓட்டம் அதிகம்.

எழுந்திருக்கப் போகும்போதுதான் பார்த்தேன். முழங்கைப் பக்கம் ஒன்று, மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. வாலைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது. ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. உதறினேன், போய்விட்டது.

கையைக் கழுவி, ஆரோனுடைய பழைய துணி ஒன்றை இறுக்கிச் சுற்றினேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, எண்ணெய் தெறித்துவிட்டது என்றேன். பொய் இல்லை, தெறித்தது, போன மாதம். முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மூன்றாம் நாள். காலையிலிருந்து அரிக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார், அவரிடம் காட்டத்தான் போகிறேன். போய் என்ன சொல்வது என்றுதான் ஏறினதிலிருந்து யோசிக்கிறேன்.

இவ்வளவு நேரம் முந்தானைக்குள் வைத்திருக்கிறேனே, இந்தக் கைதான்.

அக்கா, ஒரு உதவி கேட்கட்டுமா? நீங்கள் அவிழ்த்துப் பாருங்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். முடிச்சை இழுத்தால் வந்துவிடும். மெதுவாக.

என்ன, கறுப்பாக ஒரு புள்ளியா?

அது மச்சம். பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதற்கு மேலே? வேர்க்குருவா? நன்றாகத் தெரியுமா? ஆமாம், மூன்று நாள் இறுக்கிக் கட்டினால் வேர்க்குரு வரத்தான் செய்யும். முழங்கை மடிப்பில் பாருங்கள். விரித்துப் பாருங்கள், வலிக்காது. உங்கள் பிள்ளை கையாக இருந்தால் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள்.

ஒன்றுமே இல்லையா?

இல்லை, அழவில்லை. காற்று.

டாக்டர் எதற்கு இனிமேல்? ஒட்டன்சத்திரத்தில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிக்கிறேன். அவன் பால் குடிக்கிற நேரம். மூன்று நாளாக அவனை இடது கையாலேயே தூக்குகிறேன் அக்கா. இந்தக் கை அவன் மேல் படாமல் பின்னால் வைத்துக்கொள்வேன். அவனுக்கு என்ன தெரியும், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, எட்டி எட்டி இந்தக் கையைத் தேடுகிறான்.

இனிமேல் இந்தக் கையால் தூக்கலாம்தானே? நீங்களே சொல்லிவிடுங்கள். மேடம் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.